நூபியாவுக்குப் போன மண்வெட்டி

கீழடிக்குப் போய்வந்த தோழர்கள் பலபேர் ஒரே வாக்கியத்தோடு திரும்பி வருகிறார்கள். "அங்கே சாதி இல்லை, சாமி இல்லை." மேடையில் முழங்குகிறார்கள். சுவரொட்டியில் அடிக்கிறார்கள். கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. "சரி தோழர், உங்க ஊர்ல சேரிக்குத் தனிச் சுடுகாடா, பொதுச் சுடுகாடா?" என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டுச் செங்கல் சுவரில் சாதி தெரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். செங்கல்லில் சாதி எப்படித் தெரியும்? செங்கல் அறுத்தவன் எங்கே படுத்தான், எந்தக் கிணத்துல தண்ணி மோந்தான், செத்தபோது எங்கே கொண்டுபோய் வச்சாங்க என்று தேடினால்தான் தெரியும். தேடாமலே 'இல்லை' என்று சொல்வதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல, வசதி. தோண்டுகிற கை எதைத் தேடுகிறதோ அதைத்தான் எடுக்கும். இந்தப் பாடத்தை நூறு வருசமாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு மண் இருக்கிறது. நைல் நதிக்கரையில், எகிப்தின் தெற்கு ஓரத்திலிருந்து இன்றைய சூடானின் நடுப்பகுதி வரை நீள்கிற நூபியா.

நூபியாவுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்தியத் தொல்லியல் துறை நம்ம வரிப்பணத்தில் அங்கேயே போய்த் தோண்டிவிட்டு வந்திருக்கிறது. அந்தக் கதைக்கு முன்னால், அந்த மண்ணின் கதையைக் கேளுங்கள்.

*

அஸ்வான் அணையை உயர்த்தப் போகிறார்கள், தண்ணீர் ஏறினால் எல்லாம் முழுகிவிடும் என்று 1907-இல் நூபியாவில் அவசரமாகக் கல்லறைகளைத் தோண்டினார்கள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் ரைஸ்னர் என்கிற அமெரிக்கர். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னே அங்கே வாழ்ந்த சனங்களுக்கு அவர் வைத்த பெயர்: ஏ-குழு, பி-குழு, சி-குழு. ஒரு முழு நாகரிகத்துக்கு எழுத்துத்தான் பேர்! பேரை எடுத்துக்கொண்டு எழுத்தைக் கொடுப்பது ஆள்கிறவர்களின் பழைய பழக்கம். எஸ்.சி. என்கிற இரண்டு எழுத்தைச் சுமக்கிற நமக்கு இது புரியாதா?

அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் நம்ம சனங்களின் மூக்கை அளந்துகொண்டிருந்தார். அகலமான மூக்கு என்றால் கீழ்ச்சாதி, நீளமான மூக்கு என்றால் மேல்சாதி என்று அட்டவணை போட்டார். அங்கே செத்தவனின் மண்டையோட்டை அளந்தார்கள், இங்கே உயிரோடு இருக்கிறவனின் மூக்கை அளந்தார்கள். அளவுகோல் ஒன்றுதான்.

ரைஸ்னர் 1913 முதல் 1916 வரை கெர்மாவைத் தோண்டினார். பதினெட்டு மீட்டர் உயரத்துக்கு இன்றும் நிற்கிற மண்செங்கல் கோயில் கொண்ட ஊர் அது. பிரம்மாண்டமான மண்மேட்டுக் கல்லறைகள், முட்டை ஓடு மாதிரி மெல்லிசான கறுப்பு-சிவப்புக் கலயங்கள். இதையெல்லாம் கறுப்பர்கள் செய்தார்கள் என்று ரைஸ்னருக்கு நம்ப முடியவில்லை. ஒரு கல்லறை மேட்டில் எகிப்திய அதிகாரி ஒருவரின் சிலை கிடைத்தது. முடிந்தது கதை! இங்கே ஆண்டது எகிப்திய ஆளுநர், புதைக்கப்பட்டிருப்பது அவர்தான் என்று எழுதிவிட்டார். கொள்ளையிலோ வியாபாரத்திலோ கெர்மாக்காரன் கைக்கு அந்தச் சிலை வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. 1970-களிலிருந்து சார்ல் பொன்னே என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் பத்து பத்து ஆண்டுகளாகப் பொறுமையாகத் தோண்டிய பிறகுதான், கெர்மா ஒரு தனி ஆப்பிரிக்க அரசின் தலைநகரம், கி.மு. 2500 முதல் 1500 வரை எகிப்துக்குச் சமமாக நின்று மல்லுக்கட்டிய ஊர் என்பது நிலைநாட்டப்பட்டது.

இன்னொன்று. 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலிக்காரர் மெரோவேயில் பிரமிடுகளின் தலையை உடைத்துப் புதையல் தேடினார். அமானிஷகேதோ என்ற அரசியின் தங்க நகைகள் கிடைத்தன. ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் விற்கப் பார்த்தால், வாங்குகிறவர்கள் போலி என்று சந்தேகப்பட்டார்கள். கறுத்த பொம்பளைக்கு இவ்வளவு வேலைப்பாடான நகையா? நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். நகைக்கடனுக்குச் சேரிப் பொம்பளை ரெண்டு பவுன் சங்கிலியைக் கொண்டுவந்து வைத்தால், "இது யாருதும்மா?" என்று கேட்கிற பார்வையை எனக்குத் தெரியும். குடியானத் தெருவிலிருந்து வருகிற சங்கிலியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஃபெர்லினியின் நகைகளில் பாதி மூனிக்குக்கும் பாதி பெர்லினுக்கும் போயின. 1876-இல் ஆதிச்சநல்லூரில் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததும் அதே பெர்லினுக்குத்தான் போனது. கொள்ளைபோன நம்ம பண்டங்கள் அங்கேயாவது பக்கத்துத் தெருக்காரர்களாக இருந்திருக்கின்றன!

*

இப்போது அந்த இந்திய மண்வெட்டிக்கு வருவோம்.

1960-இல் யுனெஸ்கோ அழைப்பு விடுத்தது. அஸ்வானில் புதிதாக உயர அணை வருகிறது, நூபியாவின் பழஞ்சின்னங்களைக் காப்பாற்ற எல்லா நாடும் வாருங்கள் என்றது. இந்தியாவும் போனது. 1961-62-இல் பி.பி. லால் தலைமையில் தொல்லியல் துறைக் குழு எகிப்திய நூபியாவின் அஃபியே, தூமாஸ் என்ற இடங்களில் தோண்டியது. அங்கே கிடைத்த கறுப்பு-சிவப்புப் பாண்டங்களுக்கும் தென்னிந்தியப் பெருங்கற்காலப் பாண்டங்களுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. 1974-இல் செனகல் குடியரசுத் தலைவர் செங்கோர் கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசினார். நம்ம பக்கத்திலும் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, நூபியனும் திராவிடனும் ஒரே ரத்தம் என்று எழுதிக் குவித்தார்கள்.

அந்தப் பந்தியில் நாம் உட்கார வேண்டாம். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காத்துப் படாத வாய்ப்பக்கம் கறுக்கும், காத்துப் பட்ட அடிப்பக்கம் சிவக்கும். இது சூளைக்காரனின் கைவேலை. நைல் கரைக் குயவனும் கண்டுபிடிப்பான், பொருநைக் கரைக் குயவனும் கண்டுபிடிப்பான். பானை ஒத்துப்போவதால் ரத்தம் ஒத்துப்போகாது. ரத்தத்தில் உறவு தேடுவதே சாதிக்காரன் புத்தி. நமக்கும் நூபியனுக்கும் உறவு இருக்கிறது. ஆண்டவன் இரண்டு பேரையும் நடத்திய விதத்தில் அது இருக்கிறது. தூத்தங்காமன் என்ற எகிப்திய அரசனின் கல்லறையில் கிடைத்த செருப்பைப் பாருங்கள். அடி வைக்கிற இடத்தில் கை கட்டப்பட்ட நூபியனின் உருவம். அவன் நடந்த ஒவ்வொரு அடிக்கும் நம்மாள் மிதிபட்டான். தோளில் துண்டு போடக்கூடாது, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகணும் என்று தெருவில் சட்டம் இருந்த நாட்டுக்காரனுக்கு இந்தச் செருப்பு எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மெரோவேக்காரர்கள் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோமப் பேரரசன் அகஸ்டஸின் வெண்கலத் தலையை வெட்டிக் கொண்டுவந்து கோயில் படிக்கட்டுக்கு அடியில் புதைத்து வைத்தார்கள். 1910-இல் தோண்டியபோது கிடைத்தது. போகிற வருகிற கால் எல்லாம் அதன்மேல்!

லால் கதை அங்கே முடியவில்லை. பெருங்கற்காலப் பானைக் கீறல்களுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் தொடர்ச்சி உண்டு என்று 1960-இல் எழுதியவர் அவர்தான். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025-இல் பெரிதாக எடுத்துப் பேசிய விசயத்துக்கு முன்னோடி அவர். பின்னால் அதே ஆள் அயோத்தியில் தோண்டினார். 1990-இல் மசூதிக்குப் பக்கத்தில் தூண் அடித்தளங்கள் என்று எழுதினார். 1992 டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளன்று, மசூதி இடிக்கப்பட்டது. 2021-இல் அவருக்குப் பத்ம விபூஷண். தெற்கையும் நூபியாவையும் பார்த்த கண்தான் ராமனையும் பார்த்தது. மண்வெட்டிக்கு மனசாட்சி கிடையாது தோழர்களே. பிடி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

*

நூபியாவைக் 'காப்பாற்றிய' கதையையும் பார்த்துவிடுவோம். அபு சிம்பல் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, அறுபத்தைந்து மீட்டர் மேலே தூக்கிக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். 1964-இல் தொடங்கி 1968 செப்டம்பரில் விழா எடுத்தார்கள். யார் கோயில் அது? நூபியாவை வென்ற எகிப்திய அரசன் ராம்செஸ், நூபிய மண்ணிலேயே தன் உருவத்தைப் பிரம்மாண்டமாகச் செதுக்கி வைத்த கோயில். வென்றவனின் கல்லுக்கு உலகமே காசு போட்டது. தோற்றவனின் பேரப்பிள்ளைகள்? எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர்கள், பேரீச்சை மரத்தையும் முன்னோர் புதைகுழியையும் தண்ணிக்குள் விட்டுவிட்டு, ரயிலிலும் லாரியிலும் ஏற்றப்பட்டு, ஆற்றங்கரை இல்லாத குடியிருப்புகளில் இறக்கப்பட்டார்கள். கல்லுக்குப் புது முகவரி கிடைத்தது. ஆளுக்கு இருந்த முகவரியும் போச்சு.

அந்த விழா நடந்த மூன்று மாதத்தில், 1968 டிசம்பர் 25 இரவில், எங்கள் கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்ட பாவத்துக்கு வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வது கவிதைக்காக அல்ல. பழமைக்குக் கோடி கொட்டுகிற உலகம் பழமையின் வாரிசுகளை எப்படி நடத்தும் என்பதற்கு இரண்டும் ஒரே ஆண்டுக் கணக்கு.

*

இங்கே நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

நூபியாவிலிருந்து போய் எகிப்தையே ஆண்டார்கள் கூஷ் அரசர்கள். பியே, ஷபாகா, தஹர்கா. இருபத்தைந்தாம் வம்சம் என்று எகிப்து வரலாற்றில் கணக்கு. தமிழ் பைபிளில் 'திராக்கா' என்று வருகிறவர் இந்தத் தஹர்காதான். சூடானில் பிரமிடுகள் எகிப்தைவிட எண்ணிக்கையில் அதிகம். 2003-இல் பொன்னேயின் குழு கெர்மாவுக்குப் பக்கத்தில் உடைத்துப் புதைக்கப்பட்ட ஏழு கருங்கல் அரசர் சிலைகளைக் கண்டெடுத்தது. பார்த்தால் நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் நிமிர்ந்த உடனே நம்மவர்கள் வாயில் வருகிற சொல் என்ன? 'ஆண்ட பரம்பரை!' ஊருக்கு ஊர் ஒவ்வொரு சாதியும் போர்டு வைத்திருக்கிறது. நாமும் ஒன்று வைக்கலாமே என்று சேரி இளைஞர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது.

கெர்மாவின் பெரிய கல்லறை மேட்டுக்குள் இறங்கிப் பாருங்கள். நடுவில் அரசன், தங்கம் பொதிந்த கட்டிலில். அவனைச் சுற்றி ஒரு நீண்ட நடைபாதை. அதில் அரசனோடு சேர்த்துப் புதைக்கப்பட்டவர்கள் ஒரே மேட்டில் 300-க்கும் மேலே. ரைஸ்னர் அரசனைத் திருடி எகிப்துக்குக் கொடுத்தார். பொன்னே அரசனை மீட்டு நூபியாவுக்குக் கொடுத்தார். நடைபாதையில் கிடக்கிற முந்நூறு பேரை யார் மீட்பது? அரசனைக் கட்டிலில் பார்த்துப் பெருமைப்படுகிறவன், தன் பாட்டன் நடைபாதையில் கிடந்தானா என்று ஒருமுறை யோசிக்கட்டும். நமக்கு வேண்டியது கட்டிலுக்குப் பட்டா அல்ல. நடைபாதையின் கணக்கு.

*

டெல்டாவில் அந்தக் கணக்கைக் கல்லே எழுதி வைத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. இராசராசன் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், வாய்க்கால், குளம் என்று போகிற பட்டியலில் பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி. சுடுகாட்டிலும் பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் வருசத்துக்கு முன்னாலேயே செத்தவனுக்கும் வேலி! பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை 2010-இல் கொண்டாடினார்களே, தீண்டாச்சேரியின் ஆயிரமாவது ஆண்டை யார் அனுசரித்தார்கள்?

அதற்கு முன்னால் போவோம். எங்கள் தரங்கம்பாடிக்கு வடக்கே பூம்புகார். 1960-களில் பல்லவனீச்சரத்தில் தோண்டியபோது ஒரு புத்த விகாரம் கிடைத்தது. கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு. புத்தரின் பாதம் பொறித்த கல்லும் கிடைத்தது. நம்மவர்கள் ஆதியில் பௌத்தர்கள், அதனால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்று 'தமிழன்' இதழில் 1907-லிருந்து எழுதினார் அயோத்திதாசப் பண்டிதர். 1948-இல் அண்ணல், தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலில், தீண்டாமை பிறந்தது கி.பி. 400 வாக்கில் என்று கணித்தார்.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் விகாரம். பதினொன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீண்டாச்சேரி. இடையில் ஐந்நூறு ஆண்டு. காவிரியின் கடைமடையில் கோடு கிழிக்கப்பட்டது எப்போது, யார் கையால்? நெல் வயலும் வாய்க்காலும் பிரமதேயமும் பரவப் பரவ யார் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்? இழிசினன் என்ற சொல் சங்கப் பாட்டிலேயே கிடக்கிறது, ஆகவே இழிவு அதற்கு முன்பே முளைவிட்டுவிட்டது. ஆனால் சொல் எப்போது சேரியாயிற்று, சேரி எப்போது தனிச் சுடுகாடாயிற்று? கீழடியில் சாதி இல்லை என்கிறீர்களே, அப்ப எப்போ வந்துச்சு? அந்த வருசத்தைத் தோண்டுங்கய்யா!

தோண்டினால் தெரியுமா என்றால், தெரியும். சூடானில் தும்போஸ் என்ற ஊரின் கல்லறைகளில், எகிப்திய முறைப்படி நீட்டிப் படுக்க வைத்த உடல்களுக்கு நடுவே, நூபிய முறைப்படி ஒருக்களித்துக் கால் மடக்கி வைத்த பெண்களின் உடல்கள் கிடைத்தன. ஆண்டவன் ஊரிலேயே தன் சனத்தின் வழக்கப்படி புதையுண்ட பெண்கள் யார் என்று எலும்பு சொன்னது. சுமை தூக்கிய முதுகெலும்பு சொல்லும், அரைப்பட்டினி கிடந்த பல் சொல்லும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதுகூடப் பல்லின் வேதியியலில் கொஞ்சம் தெரியும். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழியிலிருந்து எடுத்த மண்டையோடு இரண்டுக்கு 2025-இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் வடித்துக் கொடுத்தார்கள். முகம் வந்துவிட்டது. அவன் முதுகைப் பற்றி எப்போது பேசுவீர்கள்?

*

இதைச் சொல்வதால் டெல்லிக்காரன் சந்தோசப்பட வேண்டியதில்லை. கீழடியில் 2014-லிருந்து தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 சனவரியில் அவர் கொடுத்த 982 பக்க அறிக்கையை இரண்டு வருசம் கிடப்பில் போட்டு, 2025 மே மாதம் திருத்தி எழுது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுத்தார். அடுத்த மாதமே மறுபடி மாற்றல். சரசுவதி ஆற்றைத் தேட எந்தச் சான்றும் போதும், வைகைக்கு மட்டும் எவ்வளவு சான்றும் போதாது! ரைஸ்னர் புத்தி செத்துப்போகவில்லை, அலுவலகம் மாறியிருக்கிறது. அறிக்கை ஒரு வரி குறையாமல் வெளிவர வேண்டும். இதில் நாம் முன்வரிசையில் நிற்போம். ஆனால் நிற்கும்போதே தமிழ்ப் பெருமைக்காரனின் சட்டையையும் பிடித்துக் கேட்போம்: 'தமிழன்' என்கிற பேரேட்டில் வரவு எல்லாம் உன் பக்கம், பற்று எல்லாம் சேரிப் பக்கமா?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1620-இல் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை பழுதுபார்க்கப்பட்டு நிற்கிறது, பார்க்க வருகிறார்கள். 1714-இல் இங்கே அச்சான தமிழ் சுவிசேஷங்களோடு அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. அதில் எத்தியோப்பிய அரசி கந்தாகேயின் மந்திரி வருகிறான். கந்தாகே என்பது ஆள் பேர் அல்ல, மெரோவே அரச குடும்பத்துப் பெண்ணின் பட்டம். நூபியா தமிழில் அச்சேறியது தரங்கம்பாடியில்! ஆனால் அதே மிஷனில் 1707-இல் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ் வீடுகளின் அடிமைகள் ஐந்து பேர். கந்தாகே அரசியை நம்மவர்களுக்குப் படித்துக் காட்டிய கோயில்களில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். கோட்டை இருக்கிறது, அச்சுக்கூடத்தின் புகழ் இருக்கிறது. அந்த ஐந்து பேர் படுத்த இடம் எது? யாரும் ஒரு கூடை மண் அள்ளிப் பார்த்ததில்லை.

*

மாணவத் தோழர்களே, உங்களுக்குத்தான் கடைசிப் பேச்சு. வங்கியில் ஆவணம் இல்லாதவனுக்குக் கடன் இல்லை. வரலாற்றிலும் அதே சட்டம்தான். ஆகவே ஆவணம் சேருங்கள். கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பறைச்சேரி என்று எந்தக் கல்லில் இருக்கிறது என்று ஊர் ஊராகக் குறித்து வையுங்கள். எலும்பியல் படியுங்கள். உங்கள் சேரியின் வயல் பேர், குட்டைப் பேர், பழைய சுடுகாட்டின் எல்லை இவற்றைக் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

ரைஸ்னரிடம் வேலை பார்த்த குஃப்த் ஊர் எகிப்திய மேஸ்திரிகள் அரபியில் நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அதைப் படிக்க வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மண் அள்ளியவர்கள் சுற்றுவட்டாரத்துக் கூலிச் சனங்கள், அதிலும் பெண்கள். குழியில் முதலில் தாழியைத் தொட்ட கை அவர்களுடையது. அவர்கள் பேர் அறிக்கையில் வரவேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் பார்த்ததை நீங்கள் போய் எழுதுங்கள்.

2023-இல் சூடானில் போர் மூண்டது. கார்த்தூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. நூபியாவின் பண்டங்கள் மறுபடி லாரியேறிப் போய்விட்டன. அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். சனங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் பத்திரம்.

ஆண்ட பரம்பரை என்று எவனாவது மீசையை முறுக்கினால் சொல்லுங்கள்: நாங்க தோண்டுன பரம்பரை. வாய்க்காலும் நாங்கதான் தோண்டுனோம், குளமும் நாங்கதான் தோண்டுனோம், உங்க கோயிலுக்கு வாணமும் நாங்கதான் தோண்டுனோம். இனிமே எங்களுக்காகவும் தோண்டுவோம்.